விடுதலைக்கு ஒரு நிபந்தனையா?

வழக்கு ஒன்றைப் பற்றிய கதை என்றால் இறுதியில் தீர்ப்பு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. வென்றவர் யார், தோற்றவர் யார் என்று தெரிந்த பின்னரே நம் மனம் அமைதி அடைகிறது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த 'கெட்: விவியான் அம்சலெமின் வழக்கு' என்னும் இஸ்ரேல் நாட்டுத் திரைப்படம் அந்த அமைதியை நமக்கு மறுக்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரு பெண்ணின் மணவிலக்கு வழக்கைக் கண்முன் நடத்திக் காட்டிவிட்டு, அவள் விடுதலை பெற்றாளா இல்லையா என்பதைச் சொல்லாமலே அது முடிந்துவிடுகிறது. பார்த்துப் பல நாட்கள் சென்ற பின்னரும் அந்த முடிவு என்னைவிட்டு அகலவில்லை. அதன் பொருள் யாதாக இருக்கும் என்று சிந்தித்ததன் பயனே இக்கட்டுரை.

இப்படத்தை எழுதி இயக்கியவர்கள் ரோனித் எல்கபெட்ஸ் என்னும் நடிகையும் அவருடைய தம்பி ஷ்லோமி எல்கபெட்ஸும் ஆவர். மொரோக்கோவிலிருந்து இஸ்ரேலில் குடியேறிய யூதக் குடும்பத்தின் பிள்ளைகள் இவர்கள். விவியான் என்னும் பெண்ணின் வாழ்வை 2004, 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாக இருவரும் படைத்தனர். மூன்றிலும் விவியானாக நடித்தவர் ரோனித்தே. மூன்றாம் படம் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், 2016இல், தமது 51ஆம் வயதில் அவர் புற்றுநோயால் மறைந்தார்.

சீட்டும் சொல்லும்

'கெட்' என்பது யூதச் சமயச் சட்டப்படி கணவன் மனைவிக்கு அளிக்கும் மணவிலக்குச் சீட்டு. இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் மணவிலக்குச் சான்றே அதன் வேர். அச்சடித்த படிவத்தில் பெயர்களை நிரப்பி அதைக் கொடுத்துவிட முடியாது. எழுத்தர் ஒருவர் குறிப்பிட்ட அந்தக் கணவனுக்காகவும் அந்த மனைவிக்காகவும் அதை 12 வரிகளில் கையால் எழுதவேண்டும். இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பின்னர் கணவன், இனி அவள் எந்த ஆடவனையும் மணந்துகொள்ளத் தடையில்லை என்னும் பொருள்படும் சொற்களைச் சொல்லி, அவள் ஏந்திய கைகளில் அச்சீட்டை இடவேண்டும். அவள் அதைப் பற்றிக்கொண்டு சில அடிகள் நடப்பாள். அத்தோடு அந்தப் பிணைப்பு அறுகிறது.

நீதிபதிகளாக அமரும் ரபிகள் மணவிலக்கை அளிப்பவர்கள் அல்லர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். அளிப்பவன் கணவன், அதையும் அவன் மனமொப்பியே அளிக்கவேண்டும். மனைவியின் இசைவின்றி அவளை விலக்கலாகாது என்னும் தடையாணை ஒன்று, ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபி கெர்ஷோமின் பெயரால் வழங்கிவருகிறது. அது பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பே. ஆயினும் கணவன் சீட்டைத் தர மறுத்தால் அவள் மறுமணம் செய்துகொள்ள முடியாது. மீறி வேறொருவரோடு வாழ்ந்து பெறும் பிள்ளைகள் சமயச் சட்டத்தின் முன் தீராப் பழியைச் சுமப்பர். இத்தகைய பெண்ணை 'அகூனா' என்பர்; கட்டுண்டவள் என்பது அதன் பொருள். இஸ்ரேல் நாட்டில் யூதர்களின் மணவிலக்கு 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரபிகளின் மன்றங்களிடமே உள்ளது. பிடிவாதம் பிடிக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தை முடக்கவும் அவனைச் சிறையிலிடவும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அம்மன்றங்களுக்கு இடமளித்தது. ஆனாலும் சீட்டைக் கொடுக்கும் கை கணவனுடைய கையே.

ஐந்தாண்டு வழக்கு

விவியானின் கணவன் எலிஷா கொடியவன் அல்லன். அவன் அடிப்பதில்லை, வேறு பெண்ணை நாடியதில்லை, தொழுகைக்கூடத்தில் நன்மதிப்புப் பெற்ற பக்திமான். அவளோ, இந்த மனிதனோடு இனி வாழ இயலாது என்கிறாள். ரபிகள் காரணம் கேட்கின்றனர். அவர்களிடமுள்ள காரணங்களின் பட்டியலில் அவளுடைய துன்பத்திற்குப் பெயரில்லை. இல்லாத குற்றத்தைக் கணவன்மீது சுமத்தவும் அவள் முன்வரவில்லை. வழக்கு மாதக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டு ஐந்து ஆண்டுகள் இழுபடுகிறது.

படம் முழுவதும் மன்றத்தின் வெறும் அறையிலும் அதற்கு வெளியே காத்திருக்கும் இடத்திலுமே நிகழ்கிறது. தொடக்கத்தில் ஆண்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க, சற்றுநேரம் அவள் முகமே நமக்குக் காட்டப்படுவதில்லை. யாருடைய வாழ்வு விசாரிக்கப்படுகிறதோ அவளே அங்கு இல்லாதவள்போல் ஆகிவிடுகிறாள். பின்னர் ஒருநாள் களைப்பு மிகுதியால் அவள் தன் கூந்தலை அவிழ்த்துவிட, அதற்காகக் கண்டிக்கப்படுகிறாள். அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி சாட்சி சொல்ல வருகிறாள். தன் கணவன் அருகில் இருக்கும்போது அவள் பேசும் பேச்சு, அந்த அறையில் எத்தனை திருமணங்கள் விசாரிக்கப்படுகின்றன என்று நம்மை எண்ணவைக்கிறது.

இறுதியில் எலிஷா இசைகிறான். சடங்கு தொடங்குகிறது. எந்த ஆடவனுக்கும் அவள் தடையில்லாதவள் என்று சொல்லவேண்டிய இடம் வந்ததும் அவனுக்கு நா எழவில்லை. சடங்கு நின்றுபோகிறது. பின்னர் இருவரும் தனித்திருக்கும் வேளையில் அவன் அவளிடம் ஒன்று கேட்கிறான்: வேறு எந்த ஆடவனோடும் வாழமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு. அவள் கொடுக்கிறாள். மீண்டும் அவள் அறையை நோக்கிச் செல்கிறாள். சீட்டு அவள் கைகளில் விழுவதை நாம் காண்பதற்கு முன்னரே படம் முடிந்துவிடுகிறது.

மூன்று பொருள்கள்

இம்முடிவுக்கு மூன்று பொருள் கூற இடமுண்டு. ஒன்று, அவள் வென்றாள் என்பது. வாக்குறுதி அவள் கொடுத்த விலை. சீட்டுக் கைக்கு வந்தபின் அவள் தன்னுரிமை பெற்றவள். இரண்டாவது, அவள் தோற்றாள் என்பது. மணப்பிணைப்பு அறுந்தாலும் அதைவிட இறுக்கமான, கண்ணுக்குத் தெரியாத கட்டு ஒன்று அவள்மீது விழுந்துவிட்டது. மூன்றாவது, ஒன்றுமே முடியவில்லை என்பது. ஒருமுறை நா எழாதவனுக்கு மறுமுறையும் எழாமல் போகலாம் அல்லவா?

இம்மூன்றில் எது சரி என்பதற்கு யூத மரபின் உள்ளேயே ஓர் ஒளி உண்டு. ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில், மணவிலக்குச் சீட்டுகளைப் பற்றிய பகுதியின் கடைசி அதிகாரம் இதே சிக்கலோடு தொடங்குகிறது. குறிப்பிட்ட ஒருவனைத் தவிர மற்ற எவரையும் நீ மணக்கலாம் என்று சொல்லி ஒருவன் சீட்டைக் கொடுத்தால் அது செல்லுமா? ரபி எலியேசர் செல்லும் என்றார். மற்ற அறிஞர்கள் செல்லாது என்றனர். விலக்கு என்பது அறுத்தல். ஒரு நூல் மீதியிருந்தாலும் அது அறுத்தல் ஆகாது என்பதே பிற்கால விளக்கங்களின் சாரம். எந்த ஆடவனுக்கும் தடையில்லை என்னும் சொற்களே அச்சீட்டின் உயிர் என்றும் அதே அதிகாரம் கூறுகிறது.

எலிஷாவுக்கு எந்தச் சொல் எழவில்லை என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். சடங்கின் ஏதோ ஓர் உறுப்பு அன்று. அதன் உயிரே அவன் தொண்டையில் சிக்கியது. ஓர் ஆடவனைத் தவிர என்று விலக்குவதையே ஏற்காத மரபில் வந்தவன், எல்லா ஆடவரையும் தவிர்க்கச் சொல்கிறான். நீதிபதிகளின் முன்னிலையில் கேட்டிருந்தால் அச்சீட்டே கேள்விக்குள்ளாகும். ஆதலால் தனிமையில் கேட்கிறான். சட்டத்தின் முன் முழுச் சீட்டு. மனத்திலோ பாதிச் சீட்டு. அவள் பெற்றது விடுதலையா என்று படம் சொல்லாமல் விட்டதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். அவன் உள்ளத்தில் இன்னும் கொடுக்காத ஒன்றை, அவள் பெற்றுவிட்டாள் என்று காட்டுவது பொய்யாகும்.

அவள் கொடுத்த வாக்கு அவளைக் கட்டுமா? வலுவந்தத்தாலோ பேரச்சத்தாலோ பறிக்கப்பட்ட ஆணை செல்லாது என்கிறது நம் திருச்சபைச் சட்டத்தின் 1200ஆம் விதி. நம் ஒழுக்கவியலின்படி அவள் மனச்சான்று கட்டற்றதே. ஆனால் ஐந்து ஆண்டுகளில் ஒரு பொய்க் குற்றச்சாட்டும் கூறாத பெண் அவள். அவளுக்கு வாக்கு எத்தகைய சுமை என்பதை எலிஷா நன்கறிவான். அறிந்தே கேட்கிறான். மறுபுறம், அவனையும் நாம் இரக்கமின்றி நோக்கலாகாது. தான் நேசித்தவளை, தன் முறையிலேனும் நேசித்தவளை, இன்னொருவனுக்கு உரியவளாக்கத் தன் வாயாலேயே சொல்லவேண்டிய நிலை ஒரு மரணம் போன்றது.

நமக்கு என்ன?

கத்தோலிக்கராகிய நாம் இப்படத்தைப் பார்த்து, இது பிறர் வீட்டுச் சிக்கல் என்று ஒதுங்கிவிட இயலாது. மோசே மணவிலக்குச் சான்றுக்கு இடமளித்தது மனிதரின் கடின உள்ளத்தின் பொருட்டே என்று இயேசு சொன்னதை மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். திருமணப் பிணைப்பு மனிதரால் அறுக்கத்தக்கதன்று என்பது நம் விசுவாசம். ஆனால் ஆண்டவர் கண்டித்த கடின உள்ளம், சீட்டைக் கொடுப்பவனிடம் மட்டுமன்றி, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் வதைப்பவனிடமும் குடியிருக்கக்கூடும். அதிகாரம் எங்குண்டோ அங்கு அதற்கு இடமுண்டு.

பங்கு இல்லத்தின் மேசைக்கு இப்புறம் அமர்ந்து தம்பதியரின் முறையீடுகளைப் பல்லாண்டுகள் கேட்டவன் என்பதால், அந்த மூன்று ரபிகளின் இருக்கை எனக்கு அந்நியமானதன்று. குடிக்கிறாரா, அடிக்கிறாரா, வீட்டுக்குப் பணம் கொடுக்கிறாரா என்பவையே நாமும் முதலில் கேட்கும் கேள்விகள். இவற்றுக்கெல்லாம் நல்ல விடை வந்தபின்னும் அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் அடுத்து என்ன கேட்பது? கூட்டு வாழ்வு தாங்கொணாததாகும்போது பிரிந்து வாழ நியாயம் உண்டு என்பதை நம் சட்டத்தின் 1153ஆம் விதி ஏற்கிறது. 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், திருமணம் செல்லாதது என அறிவிக்கும் வழக்குகளை எளிதாக்கினார். இரு தீர்ப்புகள் ஒத்திருக்கவேண்டும் என்னும் பழைய கட்டாயத்தை நீக்கினார். மூன்று நீதிபதிகளில் இருவர் பொதுநிலையினராக இருக்கவும் வழி திறந்தார். நீதிக்காகக் காத்திருப்பதே ஒரு தண்டனை ஆகிவிடக்கூடாது என்னும் அக்கறை அதில் உண்டு.

மணவிலக்குச் சீட்டைக் கொடுக்கும் உரிமை கையிலிருந்த யூதக் கணவர் ஒருவரை நாம் நன்கறிவோம். அவர் புனித யோசேப்பு. யூதரிடையே மண ஒப்பந்தமே முழுப் பிணைப்பாகக் கருதப்பட்டதால், மரியாவை விலக்க அவருக்கும் சீட்டுத் தேவைப்பட்டது. தமக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதாக எண்ணத்தக்க அந்த வேளையில், வானதூதர் வருவதற்கு முன்னரே, அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்காமல் மறைவாக விலக்கிவிட அவர் எண்ணினார். எலிஷாவும் மறைவில் பேசினான். யோசேப்பும் மறைவாகச் செய்ய எண்ணினார். ஒருவரின் மறைவு கட்டுவதற்கு, மற்றவரின் மறைவு காப்பதற்கு. யோசேப்பு நீதிமான் என்று நற்செய்தி அவ்விடத்தில்தான் சொல்கிறது.

மணவாழ்வில் மட்டுமன்று, நாம் பிறரை விடுவிக்க வேண்டிய எல்லா இடங்களிலும் இக்கேள்வி எழுகிறது. மகளை அவள் விரும்பிய வாழ்வுக்கு அனுப்பிவிட்டு, அவள் காலமெல்லாம் நமக்குக் கடன்பட்டவளாய் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மன்னித்துவிட்டேன் என்கிறோம், ஆனால் அவர் தலைநிமிர்ந்து நடந்தால் நமக்குப் பொறுக்கவில்லை. இவையும் நிபந்தனையோடு நீட்டப்படும் சீட்டுகளே.

குறையுள்ள சீட்டைக் கொடுத்தவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கும் மிஷ்னா ஒரு வழி சொல்கிறது. அதை அவளிடமிருந்து திரும்பப் பெற்று, மீண்டும் அவளுக்கே கொடுத்து, அந்தச் சொற்களைக் குறையின்றிச் சொல்லவேண்டும். எலிஷா மறுமுறை வாய் திறப்பதற்கு முன்னர் படம் முடிந்துவிடுவதை நான் இப்போது ஒரு கருணையாகவே பார்க்கிறேன். அந்த வாக்குறுதியை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தச் சொற்களை முழுமையாகச் சொல்ல அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாம் பாதியாகக் கொடுத்து வைத்திருப்பவற்றைத் திரும்ப வாங்கி முழுமையாகக் கொடுக்க நமக்கும் நேரம் இருக்கிறது.