முகம் தெரியாத சிநேகிதிகள்

"ஏளா, ஆரு எவருன்னே தெரியாது. அவங்களுக்கு என்னத்தை எழுதுதே?" என்பார் என் மாமியார். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டு நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. பக்கத்துத் தென்காசியில் இருந்துகொண்டு நாம் ஒரு கார்டாவது எழுத வேண்டாமா?

2005-ல் போர்ச்சுகல் நாட்டு மாணவர் ஒருவர் தொடங்கிய ஏற்பாடு 'போஸ்ட்கிராஸிங்'. செல்போனிலேயே பெயரைப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. கார்டும் தபால்தலையும்தான் செலவு. ஒரு முகவரியும் ஓர் எண்ணும் தருவார்கள். எண்ணை மறக்காமல் கார்டில் எழுதுங்கள். பெற்றவர் அதைப் பதிந்த பிறகுதான் உங்கள் முறை வரும். வேடிக்கை என்னவென்றால், நாம் எழுதியவர் நமக்கு எழுதுவதில்லை. எங்கிருந்தோ வேறு யாரோ எழுதுவார். மொய் மாதிரி கணக்குப் பார்க்க வழியே இல்லை!

எழுத உட்கார்ந்தால்தான் நம் ஊரே கண்ணில் படுகிறது. கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்றை எழுதிவிடலாம். குற்றாலச் சாரலை எப்படி எழுத? மழை என்றால் பொய், தூறல் என்றாலும் போதாது. "ஆனி, ஆடியில் வெயில் அடிக்கும்போதே நனைவோம், குழந்தையின் சட்டை மூன்று நாளானாலும் காயாது" என்று பின்லாந்துக்கு எழுதினேன். அங்கிருந்த பாட்டி, எண்ணைப் பதியும்போது நாலு வரி சேர்த்திருந்தார்: குளிர்காலத்தில் அவர்கள் வீட்டுத் துணியும் அறைக்குள்தான் காய்கிறதாம்!

எங்கள் வீட்டுக்கு வரும் தபாலெல்லாம் இவர் பெயருக்கு, இல்லாவிட்டால் மாமனார் பெயருக்கு. ஜப்பானிலிருந்து வந்த கார்டில் என் பெயர். தபால்காரர் வாசலில் நின்று இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நீங்கதானாம்மா இது?" என்றார்.