முரசு வளர்த்த வாசகர்
சிங்கப்பூரில் 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகத் தோன்றிய ‘தமிழ் முரசு’, யாருக்காக, எதற்காக என்ற இரண்டையும் முதலிலேயே வரையறுத்துக்கொண்ட இதழாகும். வாசகர் வட்டம், அதாவது படிப்பதோடு நில்லாமல் மறுமொழியும் எழுதும் கூட்டம், தானாக உருவாகாது என்பதை உணர்ந்த அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்னும் பகுதியின் வழியே பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடமளித்து, நாளைய வாசகரையும் எழுத்தாளரையும் ஒருசேர வளர்த்தார். விற்பனை எண்ணிக்கையைத் துரத்துவதைவிட இது மெதுவான வழிதான், எனினும் உறுதியானது. அவ்வழியில், சிங்கப்பூரின் காத்தோங் வட்டாரத்தில் இன்று புதிதாக எழுதத் தொடங்குபவர், உலகத் தமிழர் அனைவரையும் இலக்காகக் கொள்வதைக் காட்டிலும், சிலோன் சாலைச் செண்பக விநாயகர் ஆலயத்தோடு பிணைந்த இலங்கைத் தமிழர் குடும்பங்களின் வரலாற்றை வாரம் ஒரு கட்டுரையாக எழுதி, அக்குடும்பங்கள் சொல்லும் திருத்தங்களையும் கேட்டுச் சேர்ப்பது, முதல் ஆண்டுக்கேனும் அளந்து பார்க்கத்தக்க குறிக்கோளாக அமையும்.