கறுப்பு ஆடும் என் கணக்கும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே ஏறி, தலை சுற்றி, சோளக்காட்டில் இறங்கி நின்றேன். சரிவில் நாலு ஆடுகள். நாலும் சொல்லிவைத்த மாதிரி கறுப்பு. 'சேலம் கருப்பு' என்பார்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி வட்டாரத்தின் சொந்த இனம். கறிக்காக வளர்ப்பது.

ஆட்டைப் பார்த்தாலே எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மச்சான் ஆட்டுப் பண்ணை வைக்கப்போவதாகச் சொன்னபோது, பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான்தான். பி.காம். ஆச்சே! நீளக் காது தொங்கும் ஜமுனாபாரி, யமுனைக் கரை இனம். பாலுக்கும் ஆச்சு, கறிக்கும் ஆச்சு. தென்னாப்பிரிக்காவின் போயர், கறிக்கென்றே உருவாக்கியது. எடை கூடினால் லாபமும் கூடும். பேப்பரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மழைக்காலத்தில் சளி பிடித்தது. தீவனச் செலவு கழுத்தை நெரித்தது. அடுத்த பொங்கலுக்குள் கொட்டகை காலி. மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் வலி.

ஆடு மேய்த்த ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "பெரிய ஜாதி ஆடா வளர்த்தா காசு கூட வருமில்ல, ஆயா?"

"வரும் சாமி. ஆனா கட்டிப்போட்டுத் தீனி போடோணும், டாக்டரைக் கூப்புடோணும். இதுங்க மேஞ்சுட்டு தானா ஊடு வந்துரும். அந்தப் பொட்டைய வித்தா பேத்தி படிப்புக்கு ஆகும். இந்தக் கெடா பெரியண்ணசாமிக்கு நேந்துவுட்டது. எந்த வெலைக்கும் குடுக்க மாட்டேன்!"

விலையே இல்லாத ஆட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

லடாக் குளிரில் வளரும் சாங்தாங்கி, பஷ்மினா சால்வைக்கு ரோமம் தருகிறது. விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட கன்னி ஆடு, காய்ந்த காட்டில் மேய்ந்தே பிழைக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால் இரண்டும் நஷ்டம். 'எது நல்ல ஆடு?' என்று நான் கேட்டிருக்கக் கூடாது. 'எந்த ஊருக்கு, எதுக்காக?' என்று கேட்டிருக்க வேண்டும்.

அடிவாரம் வந்ததும் மச்சானுக்கு போன் போட்டேன். "தப்பு ஆட்டு மேல இல்ல மச்சான், என் கணக்கு மேலதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு.

"இதைச் சொல்ல மூணு வருஷமும் எழுபது வளைவும் தேவைப்பட்டுச்சா, மாப்ளே?"