பெட்ரோல் எங்கே போச்சு?

எங்கள் வீடு திருவொற்றியூரில், நெடுஞ்சாலையை விட்டு கடல் பக்கம் சரிந்து இறங்கும் ஒரு சந்தில் இருக்கிறது. கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் தூங்கி, அதே சத்தத்தில் எழுகிற வீடு. அப்பாவின் பழைய பைக்கை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

போன கோடையில் அந்த பைக் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மாலையில் பெட்ரோல் போட்டு வந்து சந்தில் நிறுத்துவேன். இரண்டே நாளில் ரிசர்வுக்கு வந்துவிடும். வண்டிக்கு அடியில் சொட்டு ஈரம்கூட இருக்காது. வாடை? மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்கள் ஏரியாவே பெட்ரோல் பங்க் மாதிரிதான் மணக்கும்.

"எதிர்வீட்டுப் பையன் வேலையாத்தான் இருக்கும்" என்றார் அம்மா.

அவன் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான். நள்ளிரவு தாண்டித்தான் வீட்டுக்கு வருவான். அவனைச் சந்தேகப்பட அதைத் தவிர வேறு காரணமே இல்லை. ஆனால், நானும் நம்பிவிட்டேன். ஒருநாள் காலை, "தம்பி, ராத்திரி என் வண்டிகிட்ட யாராச்சும் நின்னதைப் பார்த்தியா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் எடுக்கலக்கா."

அவ்வளவுதான் சொன்னான். மறுநாளிலிருந்து என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அந்த வாரம் டெஸ்க்கில் எனக்கு வந்த வேலையைப் பாருங்கள்: 'நிறுத்தி வைத்த சின்ன விமானத்தில் எரிபொருள் குறைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?' என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். பைக்கில் போன ஒரு லிட்டரையே கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு விமானம்!

படிக்கப் படிக்க ஆச்சர்யமாக இருந்தது. செஸ்னா 172 மாதிரியான பயிற்சி விமானத்தில் இறக்கைகளுக்குள்தான் டேங்க் இருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும். நிறைய நிரப்பி வெயிலில் நிறுத்தினால், எரிபொருள் சூட்டில் விரிந்து காற்றுத் துளை வழியே வழியும். 15 டிகிரி சூடு ஏறினாலே இரண்டு மூன்று லிட்டர் போய்விடும். தரை ஒரு பக்கம் சரிவாக இருந்து, இரண்டு டேங்குகளையும் இணைக்கும் வால்வும் திறந்திருந்தால், மேட்டுப் பக்க எரிபொருள் பள்ளத்துப் பக்க டேங்குக்கு இறங்கி, அங்கிருந்து வெளியே வழியும். இறக்கைக்கு அடியிலுள்ள வடிகால் வால்வின் ரப்பர் வளையம் காய்ந்துபோனாலும் சொட்டும்.

திருட்டும் நடக்கும்தான். ஆனால், யாரும் அதில் ஆரம்பிப்பதில்லை. முதலில் குச்சியை விட்டு அளக்கிறார்கள். அப்புறம் கறையைத் தேடுகிறார்கள். இந்த விமானங்களுக்குப் போடும் '100எல்எல்' பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் அது கசிந்த இடத்தில் நீலக்கறை மிஞ்சும். போகிற பொருள் எங்காவது தடம் வைத்துவிட்டுத்தான் போகும்.

இதை எழுதும்போதுதான் எனக்குத் தண்டையார்பேட்டை ஞாபகம் வந்தது. 2013-ல் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பகுதி வீடுகளில் போர் தண்ணீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை கிடங்குக்குப் போகும் பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்வது பற்றி ஐ.ஐ.டி மெட்ராஸ் ஆய்வு செய்தது.

பூமிக்கு அடியில் குழாயில் சின்ன ஓட்டை விழுந்தால் மேலே எதுவும் தெரியாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. மணலுக்குள் இறங்கி, நிலத்தடி நீரின் மேல் மிதந்து பரவும். குழாயில் காணாமல் போனது, யாரோ ஒருவர் வீட்டு வாளியில் வந்து நிற்கும்.

அப்படியென்றால் என் பெட்ரோல் எங்கே போய் நிற்கிறது?

அன்று ராத்திரி துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, டேங்கில் விட்டு அளந்து, பேனாவால் கோடு போட்டேன். வண்டிக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியை விரித்து வைத்தேன். விடிந்ததும் பார்த்தால், குச்சியில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. அட்டையின் ஓரத்தில், சாக்கடை மூடிப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். கார்பரேட்டருக்குள் மிதவை ஊசி தேய்ந்துபோயிருந்தது. வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். நான் ஒருநாளும் மூடியதில்லை. ராத்திரி முழுக்க ஓவர்ஃப்ளோ டியூப் வழியே சொட்டி, சந்தின் சரிவில் நேராகச் சாக்கடை மூடியின் ஓட்டைக்குள் இறங்கியிருக்கிறது. ஊசியை மாற்றியதோடு பிரச்னை முடிந்தது.

வண்டிப் பிரச்னைதான் முடிந்தது.

டிப்ளமோ படிக்கும்போது, "திருவொற்றியூரா? அங்க ராத்திரி தனியா போக முடியுமா?" என்று கேட்பவர்களிடம் சண்டைக்கே போயிருக்கிறேன். வடசென்னைப் பையன்கள் என்றாலே திருடன், ரவுடி என்று காட்டும் சினிமாவைத் திட்டியிருக்கிறேன். அதே நான், ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிற ஒரு பையனை, ஒரு குச்சியை விட்டுக்கூட அளந்து பார்க்காமல் திருடனாக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தான். "தப்பு என் மேலதான் தம்பி. வண்டியில லீக். உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சிடு" என்றேன். அவன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு ரொம்ப வலித்தது.

அவன் ஷூவைத் தட்டிவிட்டு, "டேப்பை மூடுனியாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

இப்போது தினமும் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் குனிந்து டேப்பை மூடுகிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி காதில் விழுகிறது.