பாடகன் போன பிறகு

அன்பு மருமகளுக்கு,

மான்செஸ்டரில் உன் அறைக்குப் பக்கத்தில், விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்டில், ஹசியெண்டா என்ற பெயரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருப்பதாகவும், கால்வாய்ப் பக்கச் சுவரில் வருஷவாரியாக ஏதோ பொறித்திருப்பதாகவும் எழுதி, அது என்ன என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். அந்த இடத்தில் 1982 முதல் 1997 வரை ஒரு நடன அரங்கு இருந்தது. அதற்குப் படியளந்தது நியூ ஆர்டர் என்ற இசைக்குழு. நான் கல்லூரிக் காலம் தொட்டுக் கேட்டு வருகிற குழு அது. அவர்கள் கதை தெரிந்தால்தான் அந்தச் சுவரின் கதை விளங்கும்.

1976 ஜூன் 4 அன்று உங்கள் மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. கூட்டம் சொற்பம். சால்ஃபர்டைச் சேர்ந்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் அதில் இருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே பள்ளித் தோழர்கள். மேடையில் இருந்தவர்களைப் பார்த்தபோது, இவர்களால் முடிந்தால் நம்மால் ஏன் முடியாது என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. மறுநாளே ஹுக் தன் அம்மாவிடம் 35 பவுண்ட் கடன் வாங்கி ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். பாட இயன் கர்ட்டிஸ் வந்தார், டிரம்ஸுக்கு ஸ்டீபன் மாரிஸ் வந்தார். ஜாய் டிவிஷன் பிறந்தது இப்படித்தான்.

ஹுக்கின் வாசிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் இருந்தது மட்டமான ஆம்ப்ளிஃபயர். சம்னரின் கிட்டார் சத்தத்தில் பேஸின் கீழ் ஸ்தாயி காதில் விழாது. தான் வாசிப்பது தனக்காவது கேட்கட்டும் என்று மேல் ஸ்தாயிக்கு ஏறி வாசிக்க ஆரம்பித்தார். கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போய், அப்படியே வாசி என்றார். மற்றக் குழுக்களில் அடியில் கிடந்து தாளத்தைத் தாங்குகிற பேஸ், இவர்களிடம் மெட்டையே எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறது. யார் பாட்டு என்று தெரியாமல் கேட்டாலும் பேஸை வைத்து நான் சொல்லிவிடுவேன்.

கர்ட்டிஸுக்கு வலிப்பு நோய் இருந்தது. குடும்ப வாழ்க்கையும் உடைந்துகொண்டிருந்தது. 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. இரண்டாவது ஆல்பமான ‘க்ளோஸர்’ கடைக்கு வந்தபோது பாடியவர் உயிரோடு இல்லை.

நம்மில் ஒருவர் விலகினாலும் இந்தப் பெயரைத் தொடரக் கூடாது என்று அவர்களுக்குள் முன்பே ஒரு பேச்சு இருந்தது. மற்ற மூவரும் அதைக் காப்பாற்றினார்கள். பெயரை விட்டு நியூ ஆர்டர் ஆனார்கள், மேடையில் பழைய பாட்டுகளையும் விட்டார்கள். அந்தச் செப்டம்பரில் மூவராகவே அமெரிக்கா போனார்கள். நியூயார்க்கில் வாத்தியங்களோடு வண்டியே களவு போனது. ஊர் திரும்பியதும் மாரிஸின் காதலி ஜில்லியன் கில்பர்ட்டை கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் சேர்த்துக்கொண்டார்கள். மாறி மாறிப் பாடிப் பார்த்து, கடைசியில் அந்தப் பொறுப்பு சம்னர் தலையில் விழுந்தது.

அவர்களை நான் இவ்வளவு மதிக்கக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கர்ட்டிஸைப் போலப் பாடுகிற ஆளைத் தேடிப் பிடித்திருக்கலாம். ரசிகர்களும் வரவேற்றிருப்பார்கள். அவர்கள் தேடவில்லை. சம்னரின் குரலில் கனம் கிடையாது, சில இடங்களில் சுருதியைத் தொட்டுவிட்டு நழுவும். அந்தக் குரலை வைத்துக்கொண்டே வழி கண்டுபிடித்தார்கள். முதல் ஆல்பம் ‘மூவ்மெண்ட்’ (1981) அந்த வழி தெரியாத காலத்துப் பதிவு. எல்லாரும் கர்ட்டிஸுக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். வழி நியூயார்க்கின் நடன விடுதிகளில் தெரிந்தது. அங்கே ஒலித்த எலெக்ட்ரானிக் இசையும், ஏற்கெனவே ஊரில் கேட்டுப் பழகிய கிராஃப்ட்வெர்க்கும் ஜார்ஜியோ மொரோடரும் சேர்ந்து அவர்களை இயந்திரங்கள் பக்கம் திருப்பின.

1983 மார்ச்சில் ‘ப்ளூ மண்டே’ வந்தது. ஏழரை நிமிஷப் பாட்டு, பல்லவி என்று சொல்லத் தக்க ஒன்று அதில் கிடையாது. மேடையில் ‘இன்னொரு பாட்டு’ என்று ரசிகர்கள் கேட்டால் இயந்திரத்தை ஓடவிட்டு இறங்கிவிடலாம் என்ற யோசனையும் அதன் பிறப்பில் உண்டு. கணினி இசை கைக்கு எட்டாத காலம். உதிரிப் பாகங்களை வாங்கித் தானே பூட்டிய, சுரங்களை வரிசையாக ஒலிக்கவைக்கும் சீக்வென்ஸரை சம்னர் பயன்படுத்தினார். எந்தச் சுரம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று கில்பர்ட் தாள்தாளாக எழுதி, தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டுடியோவின் நீளத்துக்கு விரித்து வைத்து, அதைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினார். இடையில் ஒரு சுரம் விட்டுப்போனது. அதனால் மெட்டு தாளத்தோடு ஒட்டாமல் இம்மியளவு விலகி ஓடுகிறது. திருத்தாமல் விட்டார்கள். இயந்திரத்துக்குள் மனிதக் கை இருப்பது அந்த விலகலில்தான் தெரிகிறது. அதற்கு மேல் சம்னர் உணர்ச்சியே காட்டாத குரலில் தன்னை நோகடித்தவரைக் கேள்வி கேட்டுக்கொண்டு போகிறார். ஆடுகிறவர்களுக்குக் கால் நிற்காது, உட்கார்ந்து கேட்பவருக்கு மனம் பாரமாகும். இரண்டையும் ஒரே பாட்டில் இவர்களுக்கு முன் ராக் குழு எதுவும் இவ்வளவு முழுமையாகச் செய்ததில்லை என்பது என் முடிவு.

பிரிட்டனில் மிக அதிகம் விற்ற 12 அங்குல இசைத்தட்டு அதுதான். உறையை வடிவமைத்தவர் பீட்டர் சேவில். அந்தக் காலத்து ஃப்ளாப்பி டிஸ்க் போலவே துளைகள் வெட்டி, பெயரை எழுத்தில் போடாமல் வண்ணக் கட்டங்களாகப் போட்டார். வெட்டும் கூலி எகிறி, ஒவ்வொரு தட்டிலும் நஷ்டம் என்று தட்டை வெளியிட்ட கம்பெனியின் தலைவர் டோனி வில்சன் சொல்லி வந்தார். கம்பெனி பெயர் ஃபேக்டரி. லாபத்தில் பாதிக்குப் பாதி, இசை முழுக்க இசைத்தவர்களுக்கே சொந்தம் என்பது அங்கே கொள்கை.

அந்தப் பாதிப் பணம்தான் ஹசியெண்டாவுக்குப் போனது. நியூயார்க்கில் பார்த்தது போன்ற இடம் நம் ஊரிலும் வேண்டும் என்று வில்சனும் குழுவின் மேலாளர் ராப் க்ரெட்டனும் ஆசைப்பட்டார்கள். படகு விற்கும் பழைய ஷோரூம் ஒன்றை பென் கெல்லி மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட தூண்களோடு மாற்றி அமைத்தார். 1982 மே 21 அன்று திறந்தார்கள். பல இரவுகள் ஈயோட்டினார்கள். 1984-ல் மடோனா பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக அங்கே ஆடிப் பாடினார். சிகாகோவின் ஹவுஸ் இசை 80-களின் பின்பாதியில் வந்து சேர்ந்ததும் அரங்கு நிரம்பி வழிந்தது, ஆனால் கல்லா நிரம்பவில்லை. போதை மாத்திரை போட்டு ஆடியவர்கள் மது வாங்காமல் தண்ணீர் குடித்தார்கள். 1989-ல் மாத்திரையால் 16 வயதுப் பெண் ஒருத்தி செத்தாள். பிறகு ரவுடிக் கும்பல்களும் துப்பாக்கியும் வந்தன. பாட்டு உலகமெங்கும் விற்ற நாட்களிலும் நால்வரும் தங்களுக்கென்று கொஞ்சமே எடுத்துக்கொண்டு மிச்சத்தை இந்தக் குழியில் கொட்டினார்கள். அந்த இழப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை. நெசவாலைகள் மூடிச் சோர்ந்து கிடந்த ஊருக்கு இரவில் போக ஓர் இடம் கிடைத்தது. சம்பாதித்ததை ஊருக்கே திருப்பிக் கொடுத்த ராக் குழுக்கள் எத்தனை?

1989-ன் ‘டெக்னிக்’ ஆல்பத்தின் ஒரு பகுதியை இபிஸா தீவில் பதிவு செய்தார்கள், அந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம். 1990-ல் இங்கிலாந்து கால்பந்து அணிக்காகச் செய்த ‘வேர்ல்ட் இன் மோஷன்’ மட்டுமே ஒற்றைப் பாட்டாக முதலிடம் பிடித்தது. 1992-ல் ஃபேக்டரி திவாலானது. வாங்க வந்த பெரிய கம்பெனி, பழைய பாட்டுகள் ஃபேக்டரிக்குச் சொந்தமே இல்லை என்று தெரிந்ததும் பின்வாங்கியது. பாட்டுகள் நால்வரிடமே நின்றன. 1997-ல் அரங்கு மூடியது, பிறகு இடித்து நீ பார்க்கிற குடியிருப்பைக் கட்டினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே மனம் வரவில்லை. 2007-ல் ஹுக் பிரிந்தார். மற்றவர்கள் 2011-ல் வேறொருவரை பேஸுக்கு வைத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். ஹுக்குக்கும் அவர்களுக்கும் இடையிலான பிணக்கு நீதிமன்றம் வரை போய் 2017-ல் சமரசமானது. 2015-ன் ‘மியூசிக் கம்ப்ளீட்’ நல்ல ஆல்பம்தான், ஆனாலும் ஹுக் இல்லாதது ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது.

நீ கேட்க வேண்டியது மூன்று. முதலில் ‘செரிமனி’, கர்ட்டிஸ் எழுதி, அவர் போன பின் சம்னர் பாடியது. அடுத்து ‘டெம்ப்டேஷன்’. பிறகு ‘ப்ளூ மண்டே’. இதே வரிசையில், ஹெட்ஃபோன் போட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேள். கேட்டு முடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா