ஒத்தூதும் கலை

பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவோனை 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் எளிதில் இகழ்ந்துவிடுகிறோம். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் ஆற்றும் தொண்டினை அறிந்தோர் அவ்வாறு இகழத் துணியார். வித்துவான் இராகத்தில் எங்கெங்கு உலாவினும், திரும்பி வந்து நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை ஒரே சுருதியில் மூச்சறாது காத்து நிற்பவர் ஒத்துக்காரரே. இன்று அவரிடத்தைப் பெரும்பாலும் சுருதிப்பெட்டி பற்றிக்கொண்டது. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் நிகழும் பசனைகளிலே கீபோர்ட் என்னும் மின்னிசைக் கருவியும் வந்து சேர்ந்துவிட்டது. அக்கருவிக்கு ஒத்தூதத் தெரியுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் கேள்வி.

சிந்தசைசர் வகையைச் சேர்ந்த இக்கருவியில், ஒரு கட்டையை அழுத்தினால் இரண்டு மூன்று வாத்தியங்களின் ஒலி ஒருங்கே எழுமாறு செய்யலாம். இதனை லேயர் என்பர். ஒலியடுக்கு என்று நாம் சொல்லிக்கொள்வோம். இவ்வடுக்கில் ஆர்கன் ஒலியைச் சேர்ப்பதில் இளைஞர்க்குப் பெருவிருப்பு உண்டு. இடர் தொடங்குவதும் அங்கேதான். பியானோவின் ஒலி தட்டியவுடன் ஓங்கிப் பின்னர்த் தேய்ந்து மறையும். வீணையின் நாதமும் அத்தகையதே. ஆர்கனோ விரலை எடுக்கும் வரை இம்மியும் குறையாது. மெல்லத் தொட்டாலும் வன்மையாய் அழுத்தினாலும் அதற்கு ஒன்றே. ஆகவே, கட்டுப்பாடின்றிச் சேர்த்தால் ஏனைய ஒலிகள் யாவும் அதன் அடியில் அமிழ்ந்துவிடும்.

சென்ற நவராத்திரியின்போது கண்டிக்கு அயலேயுள்ள கோயிலொன்றில் இதனை நேரிற் கண்டோம். எம் மாணவர் ஒருவர் கீபோர்ட் வாசித்தார். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் கௌசிகப் பண்ணிலே தேவாரம் பாட எழுந்தார். தோட்டத்துக் கோயிலொன்றில் நெடுங்காலம் பாடிப் பழகியவர் அவர். குழலும் ஆர்கனும் சேர்ந்த அடுக்கொலி ஒலிபெருக்கியிற் பெருகி எழவே, அவருடைய குரல் இருந்த இடம் தெரியவில்லை. ஓரடி பாடி நிறுத்தினார். "தம்பி, எனக்குச் சுருதி மட்டும் போதும், பாட்டை நான் பாடிக்கொள்கிறேன்" என்றார். சொல்லிலே சினமில்லை. ஆயினும், அவர் இனி வாராதொழிந்தால், அவர் பாடும் முறையும் அவரோடு அக்கோயிலை விட்டு நீங்கிவிடுமே என்று எமது உள்ளம் வருந்திற்று.

மறுநாள் அம்மாணவர் கருவியுடன் எமது இல்லத்துக்கு வந்தார். அவரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இத்தகைய கருவிகளில் உள்ள ஆர்கன் ஒலி, பெரும்பாலும் அமெரிக்கரான லோரன்ஸ் ஹமண்ட் 1935 இல் விற்பனைக்குக் கொணர்ந்த மின் ஆர்கனைப் பின்பற்றியது. அதில் ஒலியின் தன்மையை ஒன்பது இழுகோல்கள் ஆள்கின்றன. மாணவரின் கருவியில் அவை திரையிலே தோன்றின. ஸட்ஜக் கட்டையை அழுத்தினால், ஐந்து கோல்கள் வெவ்வேறு ஸ்தாயிகளின் ஸட்ஜத்தையும், மூன்று கோல்கள் பஞ்சமத்தையும், எஞ்சிய ஒன்று அந்தர காந்தாரத்தையும் தரும். தம்புராவின் மந்தரத் தந்தியைக் கூர்ந்து கேட்போர்க்குத் தானே எழும் காந்தாரமும் இதுவன்றோ! தம்புராவில் அது நிழல்போல் தோன்றி மறையும். கோலை முழுதும் இழுத்தாலோ தனிக்குரலாகவே நின்றுவிடும். கௌசிகப் பண்ணை இன்று பைரவி இராகத்தில் பாடுவது வழக்கம். அதற்குரியது சாதாரண காந்தாரம். இரண்டு காந்தாரங்களும் மோதினால் பாடுவோர் என் செய்வார்? அக்கோலை முற்றாக உள்ளே தள்ளினோம்.

அடுத்தது சுழலொலி. ஹமண்ட் ஆர்கனுக்கென டொனால்ட் லெஸ்லி என்பார் 1940 களில் சுழலும் ஒலிபெருக்கியை அமைத்தார். ஒலிக்கும் கொம்பு சுழன்று நம்மை நோக்கி வருகையில் சுருதி சற்றே ஏறும், விலகுகையில் இறங்கும். புகையிரதம் நம்மைக் கடந்தோடும்போது அதன் ஊதல் மாறுவதும் இக்காரணத்தாலேயே. துள்ளலான பாட்டுக்கு இவ்வசைவு அழகு தரும். அசையாது நிற்க வேண்டிய சுருதிக்கு ஆகாது. எனவே அதனை நிறுத்தினோம். வேண்டும்போதும் ஆர்கன் அடுக்குக்கு மட்டுமே அதனை இணைத்தல் வேண்டும். அனைத்துக்கும் பொதுவாக வைத்தால் குழலும் கூடவே தள்ளாடும். கமகத்துக்காகச் சுருதியை வளைக்கும் சக்கரமோ, இதற்கு மாறாக, குழலை மட்டும் அசைத்து ஆர்கனை விட்டுவிட வேண்டும். மண்டபத்துச் சுவர்களே போதிய எதிரொலி தருவதால், கருவியின் எதிரொலியையும் குறைத்தோம். இறுதியில் ஆர்கனின் உரப்பைக் கால்மிதிக்குக் கட்டுப்படுத்தினோம்.

கண்டியில் வாழும் நமக்கு இவ்வடக்கத்தைக் கற்பிக்க வெளியார் வேண்டியதில்லை. தலதா மாளிகையில் பூசை வேளையில் எழும் வாத்திய முழக்கத்தைக் கேளுங்கள். தவுல் கனத்து ஒலிக்கும். தம்மட்டம் கூர்மையாய்த் தெறிக்கும். ஹொரணை இவற்றின் மேலே மிதந்து செல்லும். ஒன்றன் இடத்தை மற்றொன்று கவர்வதில்லை.

ஆர்கனின் உறவான ஆர்மோனியம், கமகம் பேசாது என்னும் குறையினால், 1940 இல் அகில இந்திய வானொலியினின்றும் விலக்கப்பட்டது. 1971 வரை அத்தடை நீடித்தது. அக்காலத்தும் பசனை மடங்களும் நாடகக் கொட்டகைகளும் அதனைக் கைவிடவில்லை. பாடுவோரின் குரலைத் தாங்கியதனாலேயே அது அங்கு வாழ்ந்தது. கருவியை விலக்குவது எளிது. அதனை அடக்கி வாசிக்கப் பழகுவதே அரிது. பயன் தருவதும் அதுவே.

விஜயதசமியன்று பெரியவர் மீண்டும் பாடினார். தேவாரத்தின் சொல்லொவ்வொன்றும் கடைசி வரிசையில் இருந்தோர்க்கும் தெளிவாய்க் கேட்டது. கீபோர்ட் ஒலித்ததையே பலர் கவனிக்கவில்லை. எம் மாணவரின் முகம் அதனாற் சற்று வாடியதையும் கண்டோம். பாடி முடித்து எழுந்த பெரியவர் நேரே அவரிடம் சென்றார். "வருகிற வெள்ளிக்கிழமையும் வந்துவிடு, தம்பி. நீ இருந்தால் எனக்குப் பயமில்லை" என்றார்.