சம்பளம் வாங்காத கோலி

போன வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்குப் படிக்கிறேன்னு உட்கார்ந்துட்டு, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அயர்லாந்துல ஒருத்தர் பந்தை உதைக்கிறதைப் பார்த்துட்டு இருந்தேன் மக்களே. (பரீட்சை எப்படின்னு மட்டும் கேக்காதீங்க.) அவர் பேரு ஸ்டீபன் கிளக்ஸ்டன். டப்ளின் அணியோட கோல்கீப்பர். ஆட்டம் கேலிக் ஃபுட்பால்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையிலயும் எடுக்கலாம், காலாலயும் உதைக்கலாம். கோல் கம்பம் ஆங்கில எச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்கு மேல போனா பொதுவா ஒரு பாயின்ட், கீழ வலைக்குள்ள போனா கோல், அதுக்கு மூணு பாயின்ட். ஸ்கோரை 1-12ன்னு எழுதினா ஒரு கோல், பன்னிரண்டு பாயின்ட்னு அர்த்தம்.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு முதல்ல வர்ற சந்தேகம்தான் எனக்கும் வந்துச்சு: இவருக்கு என்ன சம்பளம்? தேடிப் பார்த்தா, பூஜ்யம். இந்த ஆட்டத்தை நடத்துற சங்கம் 1884-ல ஆரம்பிச்சது. இன்னிக்கு வரைக்கும் ஆட்டக்காரங்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணப்படி உண்டு, அரசாங்கம் தர்ற சின்ன உதவித்தொகை உண்டு. அவ்வளவுதான். ஏலம் இல்லை, கோடிக்கணக்குல ஒப்பந்தம் இல்லை. பொதுவா சொந்த மாவட்டத்துக்குத்தான் ஆடணும். கிளக்ஸ்டன் டப்ளின்ல ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் வாத்தியார். எண்பதாயிரம் பேர் உட்கார்ற க்ரோக் பார்க் மைதானத்துல ஆடிட்டு, அப்புறம் பசங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்.

எடுத்த எடுப்புலயே ஹீரோ ஆன ஆளும் இல்லை. 2001-ல சாம்பியன்ஷிப்ல அறிமுகமானப்போ வயசு 19. 2003-ல அர்மா அணியோட நடந்த ஆட்டத்துல கோபத்துல எதிராளியைக் காலால தாக்கப் போய், சிவப்பு அட்டை வாங்கி வெளிய போனார். டப்ளின் தோத்துச்சு. ஒரு கோலிக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்கான்னு தெரியலை. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் வந்தார், ஆடினார், கோப்பை இல்லாமத் திரும்பினார். டப்ளின் கடைசியா ஜெயிச்சது 1995-ல.

2011 செப்டம்பர் இறுதிப் போட்டி. எதிர்ல கெர்ரி, அதிகக் கோப்பை ஜெயிச்ச மாவட்டம். கடைசி சில நிமிஷம் இருக்கும்போது டப்ளின் நாலு பாயின்ட் பின்னாடி. கெவின் மெக்மனமன் ஒரு கோல் போட, ஆட்டம் சூடாகி, 1-11, 1-11ன்னு சமன். கடைசி நேரத்துல ஒரு ஃப்ரீ கிக். அதை அடிக்க நம்ம கோலி தன் கோலை விட்டுட்டு மைதானத்தைக் கடந்து வர்றார். தூரமும் கம்மி இல்லை. உதைச்சார். பந்து கம்பிக்கு மேல போச்சு. 1-12. பதினாறு வருஷக் காத்திருப்பு முடிஞ்சது. அவர் என்ன பண்ணார் தெரியுமா? திரும்பித் தன் கோலுக்கு ஓடிட்டார்! நான் அந்த இடத்தை மட்டும் பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன்.

அவரோட உண்மையான சாதனை கிக்-அவுட்டுன்னு சொல்றாங்க. முன்னாடியெல்லாம் கோலி பந்தைத் தூக்கி நடு மைதானத்துக்கு அடிப்பார், யார் தாவிப் பிடிக்கிறாங்களோ அவங்களுக்கு அதிர்ஷ்டம். இவர் அதை மாத்தினார். தன் ஆள் ஓடி வரப்போற காலி இடத்தைப் பார்த்து, அவர் கைக்கே போய்ச் சேர்ற மாதிரி அடிச்சார். கோலியே ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கிற ஆளானார். மத்த அணிகளும் குட்டிக் குட்டி கிக்-அவுட் அடிக்க ஆரம்பிச்சு, கடைசியில 2025-ல விதியையே மாத்தினாங்க, பந்து 40 மீட்டர் வளைவைத் தாண்டிப் போகணும்னு.

2013, அப்புறம் 2015-லருந்து 2020 வரை வரிசையா ஆறு. இந்த ஏழு கோப்பைக்கும் இவர்தான் கேப்டன். பேட்டி கொடுக்கிறது மட்டும் ரொம்ப அபூர்வம். 2020-க்கு அப்புறம் விடைபெறுதல் அறிவிப்பு எதுவும் இல்லாமலேயே அணியை விட்டு ஒதுங்கினார். 2023 மார்ச்ல, 41 வயசுல, அதே மாதிரி சத்தமில்லாம மாற்று ஆட்டக்காரர்கள் வரிசையில வந்து உட்கார்ந்தார். அந்த ஜூலையில கெர்ரியை மறுபடி ஜெயிச்சு ஒன்பதாவது பதக்கம். அதுவரைக்கும் களத்துல இறங்கி ஒன்பது வாங்கினவங்க யாருமே இல்லை. அன்னிக்கு இவரும் இன்னும் ரெண்டு டப்ளின் ஆட்டக்காரங்களும் சேர்ந்து வாங்கினாங்க.

ரூம்மேட்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். "டேய், இது சுரண்டல்டா. டிக்கெட் விக்கிறாங்க, ஸ்பான்சர் இருக்கான், ஆடுறவனுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?"ன்னான். நியாயமான கேள்வி. வர்ற பணத்துல பெரும்பகுதி ஊர் கிளப்புக்கும் மைதானத்துக்கும் போகுதுன்னு சங்கம் சொல்லுது. இருந்தாலும் வேலையும் பார்த்துட்டு வாரம் முழுக்கப் பயிற்சியும் எடுக்கிறது சாதாரண விஷயமில்லை. அவன் கேள்விக்கு என்கிட்ட முழுசாப் பதில் இல்லை.

ஆனா எனக்கு உறுத்தினது வேற. நானும் பள்ளிக்கூடத்துல கோலிதான். பத்தாவது வரைக்கும். அப்பா ஒரு நாள் "இதுல என்னடா வரும்?"னு கேட்டார். திட்டலை, சும்மா கேட்டார். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒண்ணும் வராதுன்னு விடை வந்துச்சு. விட்டுட்டேன். இத்தனை வருஷமா அதை அப்பா மேலயே போட்டுட்டு இருந்தேன். ஆனா கணக்குப் போட்டது நான்தானே?

கிளக்ஸ்டனும் அதே கணக்கைப் போட்டிருந்தா, 2003-லயே வீட்டுக்குப் போயிருப்பார். லாப நஷ்டக் கணக்குல அவருக்கு ஒரு வரவும் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல ஆடினார்.

என் கிளவுஸ் இன்னும் வீட்டுப் பரண்லதான் கிடக்கு. பொங்கல் லீவுக்குப் போறப்போ கை நுழையுதான்னு பார்க்கணும்.